வீட்டுக்குள் கண்காணிப்பு: போனிலும் கணினியிலும் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கணவரோ மனைவியோ தமக்குத் தெரியாமல் தம் போனையும் கணினியையும் கவனிக்கிறார் என்று சந்தேகப்படுபவர்கள், இந்த வழிமுறையை அந்தக் கருவியிலேயே வைத்துப் படிக்க வேண்டாம். உண்மையிலேயே கண்காணிப்பு இருந்தால், நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதுதான் முதலில் அவருக்குத் தெரியவரும். உடன்பிறந்தவர் போனிலோ, நம்பிக்கையான தோழி வீட்டுக் கணினியிலோ, வேலை செய்யும் இடத்திலோ வைத்துப் படியுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கண்காணிப்பை நீக்கியதும், நீக்கப்பட்டது என்ற செய்தி கண்காணிப்பவருக்குப் போய்விடும். வரைபடத்தில் நகர்ந்துகொண்டிருந்த புள்ளி நிற்கும், கணினியில் திறந்திருந்த வாட்ஸ்அப் வெளியேறும், பழைய பாஸ்வேர்டு ஏற்காது. அடி, மிரட்டல், வெளியே அனுப்பாமல் வைத்திருத்தல் போன்றவை இருக்கும் வீட்டில் இது ஆபத்தாக முடியக்கூடும். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் எதையும் நீக்காமல், வேறொரு போனிலிருந்து 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசி, போவதற்கு ஓர் இடமும் உடன் நிற்க ஓர் ஆளும் உறுதியான பிறகே கீழே உள்ள வேலைகளைத் தொடங்க வேண்டும். பார்ப்பது வேறு, நீக்குவது வேறு என்ற எண்ணம் கடைசிவரை மனத்தில் இருக்கட்டும்.

சேலத்தில் கணினியும் போனும் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டது இது. ‘போனை ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று வருபவர்களில் பெரும்பாலோரின் கருவியில் உளவு மென்பொருள் எதுவும் இருப்பதில்லை. இருவருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு, மூட மறந்த லாகின், கணவர் பெயரில் வாங்கிய சிம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கிறது. ஆகவே எளிதாகப் பார்க்கக்கூடியவற்றை முதலிலும், கருவியைத் துருவிப் பார்க்க வேண்டியவற்றைப் பிறகும் வைத்திருக்கிறேன்.

அறிகுறி: வாட்ஸ்அப்பில் எழுதியது அப்படியே வீட்டில் தெரிகிறது

வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். ஐபோனில் அது செட்டிங்ஸ் பகுதிக்குள் இருக்கும். உங்கள் கணக்கு வேறு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்பதும், ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது இயங்கியது என்பதும் அங்கே வரிசையாகத் தெரியும். முதன்மை போன் அல்லாமல் நான்கு கருவிகள் வரை ஒரு கணக்கை இணைக்கலாம். கணினியில் மட்டும் என்றிருந்தது போய், 2023 முதல் இன்னொரு போனிலும் இணைக்க முடிகிறது. முதன்மை போன் அணைந்திருந்தாலும் இணைந்த கருவிகளில் செய்தி வந்துகொண்டேயிருக்கும். அந்த போன் 14 நாள் பயன்படாமல் கிடந்தால்தான் அவை தாமாக வெளியேறும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒரு தம்பதியின் வீட்டுக் கணினியை இந்தப் புகாரோடு பார்க்க நேர்ந்தது. குரோம் உலாவியின் இடது ஓரத்தில், ‘பின்’ செய்து வைத்ததால் எழுத்தெல்லாம் மறைந்து, ஒரு சிறு பச்சை வட்டமாகச் சுருங்கிய தாவல் ஒன்று இருந்தது. அதுதான் அந்த அம்மாவின் வாட்ஸ்அப். வெளியூர் வியாபாரி அனுப்பிய கொலுசு மாதிரிப் படங்களைக் கணினியில் இறக்குவதற்காக அவரே என்றோ திறந்தது அப்படியே இருந்துவிட்டது. மாலையில் டேலியில் கணக்கு ஏற்ற உட்காரும் கணவர் அதைத் தினமும் படித்து வந்திருக்கிறார். அங்கே யாரும் எதையும் ரகசியமாக நிறுவவில்லை என்பது உண்மை. ஆனாலும் திறந்து கிடந்ததை நாள்தோறும் படித்தது அவர் தெரிந்தே செய்தது. தற்செயல் என்று சொல்லி அதை ஒதுக்கிவிட முடியாது.

நீங்கள் இணைக்காத கருவி ஒன்று அந்த வரிசையில் இருந்தால், உடனே ‘லாக் அவுட்’ செய்யாமல், கருவியின் பெயரும் நேரமும் தெரியும்படி வேறொரு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் வெளியேற்றினாலும் வேலை அதோடு முடிவதில்லை. புதிய கருவியை இணைக்கும்போது வாட்ஸ்அப் உங்கள் போனின் திரைப்பூட்டைக் கேட்கும். ஆகவே உங்களை அறியாமல் ஒன்று இணைந்திருக்கிறது என்றால், உங்கள் திரைப்பூட்டை யாரோ திறந்திருக்கிறார்கள். போனின் பாதுகாப்பு அமைப்பில் எத்தனை கைரேகைகள் பதிவாகியுள்ளன என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் இரண்டு விரல்தான் பதிந்தீர்கள், அங்கே மூன்று இருக்கிறது என்றால், விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அந்தக் கைரேகையை நீக்கி, பிறந்தநாளாகவோ திருமண நாளாகவோ இல்லாத ஆறு இலக்கப் பின் எண் ஒன்றை வைத்து, வாட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்பையும் (‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’) இயக்குங்கள். இதைச் செய்யாமல் வெளியேற்றினால், அன்று இரவே நீங்கள் தூங்கும்போது அது மீண்டும் இணைந்துவிடும்.

அறிகுறி: எங்கே போனாலும் சொல்லிவிடுகிறார்

கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு ‘லொகேஷன் ஷேரிங்’ என்பதைப் பாருங்கள். என்றோ ஒரு பயணத்தின்போது ‘நான் நிறுத்தும்வரை’ என்று பகிர்ந்துவிட்டு மறந்தவர்கள் பலர். அதில் ஒன்றும் இல்லையென்றால், உங்கள் கூகுள் கணக்கே அவருடைய போனிலோ வீட்டு டேப்லெட்டிலோ திறந்திருக்கக்கூடும். அந்தக் கணக்கைக் கொண்டு, தொலைந்த போனைக் கண்டுபிடிக்க உதவும் ‘ஃபைண்ட் ஹப்’ வசதியில் உங்கள் போன் இருக்கும் இடத்தை எவரும் பார்த்துவிடலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் ‘ஃபைண்ட் மை’ செயலியையும் குடும்பப் பகிர்வையும் பார்க்க வேண்டும். ஐஓஎஸ் 16 முதல் உள்ள ‘சேஃப்டி செக்’ என்ற பகுதி, யாரோடு எதெல்லாம் பகிரப்படுகிறது என்பதை ஒரே இடத்தில் காட்டுகிறது.

போனே சம்பந்தப்படாத வழிகளும் உண்டு. ஓமலூர் சுங்கச்சாவடியையோ வைகுந்தம் சுங்கச்சாவடியையோ கார் கடந்தவுடன், ஃபாஸ்டாக் கணக்கில் பதிவான எண்ணுக்குக் குறுஞ்செய்தி போய்விடுகிறது. கூட்டு வங்கிக் கணக்கில் பணம் எடுத்தாலும், கடையில் அட்டையைத் தேய்த்தாலும் அப்படியே. இவற்றை எவரும் கண்காணிப்பதற்காக அமைக்கவில்லை. எந்த எண் பதிவாகியுள்ளதோ அந்த எண்ணுக்குச் செய்தி போகிறது, அவ்வளவுதான். கைப்பையிலும் வண்டியிலும் ஒளித்து வைக்கும், இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஏர்டேக் போன்ற சிறு வில்லைகளும் இருக்கின்றன. ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் கொண்டுவந்த பொது ஏற்பாட்டின்படி, ஆண்ட்ராய்டு 6 அல்லது அதற்குப் பிந்தைய போன்களும் ஐஓஎஸ் 17.5 அல்லது அதற்குப் பிந்தைய ஐபோன்களும், அறியாத வில்லை ஒன்று கூடவே வந்தால் எச்சரிக்கின்றன. ஆனால் சிம் போட்டு வண்டியின் பேட்டரியோடு ஒயரில் இணைக்கும் ஜிபிஎஸ் பெட்டிகளை இந்த எச்சரிக்கை காட்டிக்கொடுக்காது. அதற்கு நம்பிக்கையான ஆட்டோ எலெக்ட்ரீசியன் ஒருவர் இருக்கைக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் பார்ப்பதுதான் வழி. கடனில் வாங்கிய வண்டியில் கடன் கொடுத்தவர்களே அதைப் பொருத்தியிருக்கவும் கூடும் என்பதால், பெட்டி கிடைத்தவுடன் வீட்டில் உள்ளவர்மேல் பழி போட வேண்டாம்.

மலையில் வசிப்பவர்களுக்கு இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒருவரின் புள்ளி, அவர் தோட்டத்தில் இருந்த நேரத்தில் மலையடிவாரத்தில் இருப்பதாக வரைபடத்தில் தெரிந்தது. அதனால் வீட்டில் பெரும் சண்டை வந்தது. வான் தெரியாத அடர்ந்த மரநிழலிலும் கட்டடத்துக்குள்ளும் ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காதபோது, போன் தனக்குக் கிடைத்த செல்போன் கோபுரத்தை வைத்து இடத்தைக் கணிக்கிறது. மலைச்சரிவில் நிற்கும் போனுக்குக் கீழே சமவெளியில் உள்ள கோபுரம் நேர்ப்பார்வையில் இருக்கும். ஆகவே கணிப்பு கிலோமீட்டர் கணக்கில் தவறக்கூடும். அந்த போனிலேயே மேப்ஸைத் திறந்தால், நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியும். வட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பரப்பில் எங்கு வேண்டுமானாலும் அந்த ஆள் இருக்கலாம் என்பதே அதன் பொருள். அவருடைய போனில் வட்டம் ஓர் ஊரையே மூடியிருந்தது. வரைபடப் புள்ளி சாட்சி சொல்லாது. அதை நம்பி ஒருவரைக் குற்றவாளியாக்குவது பெரும் அநியாயம்.

அறிகுறி: ஓடிபி, வங்கிச் செய்தி, யாரோடு பேசினேன் என்பதெல்லாம் தெரிகிறது

உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நம் ஊர்களில் திருமணமான புதிதில் கணவர் தன் ஆதாரைக் கொடுத்து மனைவிக்குச் சிம் வாங்கித் தருவது சாதாரணம். அதில் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆனால் சிம் யார் பெயரில் உள்ளதோ அவர்தான் சட்டப்படி அந்த எண்ணுக்கு உரியவர். எண் விவரங்களைக் கேட்டுப் பெறவும், சிம் தொலைந்தது என்று சொல்லி அதே எண்ணில் நகல் சிம் வாங்கவும் அவரால் முடியும். நகல் சிம் கைக்கு வந்தால், வங்கியிலிருந்து ஆதார் வரை எல்லா ஓடிபியும் அவர் கைக்குப் போய்விடும். எந்தப் பாஸ்வேர்டை மாற்றினாலும் பயன் இல்லாமல் போவது இதனால்தான். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஓர் எண்ணைக் கொடுத்து நுழைந்தால், அந்த எண் யார் பெயரில் உள்ளதோ அவர் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். நிச்சயமாக உங்கள் பெயரில் உள்ள வேறோர் எண்ணைக் கொண்டு நுழைந்தும், நீங்கள் நாளெல்லாம் பயன்படுத்தும் எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அது வேறொருவர் பெயரில் இருக்கிறது.

இருவருக்கும் இணக்கம் இருந்தால், நிறுவனத்தின் கிளையில் நேரில் சென்று பெயர் மாற்றிக்கொள்ளலாம். இணக்கம் இல்லையென்றால், உங்கள் சொந்த ஆதாரைக் கொண்டு புதிய சிம் வாங்கி, வங்கி, ஆதார், கூகுள் கணக்கு என்ற வரிசையில் பழைய எண்ணை எடுத்துவிடுங்கள். ஆதாரில் எண்ணை மாற்ற, வேறு ஆவணம் எதுவும் இல்லாமல், ஆதார் சேவை மையத்தில் கைரேகை வைத்தால் போதும். சற்று அலைச்சலான வேலைதான். ஆனாலும் இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றிலும் நீண்ட காலப் பயன் தருவது இதுவே என்று நினைக்கிறேன்.

அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்படுகின்றனவா என்பதைப் போனின் அழைப்பு அமைப்பில் ‘கால் ஃபார்வர்டிங்’ பகுதியில் பாருங்கள். நட்சத்திரக் குறி எண்களை அழுத்தி அழைப்பைத் திருப்பிவிடும் முறையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டதால், பழைய காணொளிகளில் சொல்லும் எண்கள் இப்போது எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம். கூகுளின் குறுஞ்செய்திச் செயலி வைத்திருப்பவர்கள் அதில் ‘டிவைஸ் பேரிங்’ பகுதியையும் பாருங்கள். குறுஞ்செய்திகளைக் கணினியில் திறந்து வைக்க அதில் வழி இருக்கிறது.

அறிகுறி: நான் திறக்காத மின்னஞ்சல் திறந்ததாக இருக்கிறது

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ‘யுவர் டிவைசஸ்’ என்ற பட்டியல் இருக்கிறது. அதில் விற்றுவிட்ட பழைய போன், பட்டறைக் கணினி, வீட்டு ஸ்மார்ட் டிவி என்று எதிர்பாராதவை எல்லாம் வரும். பிறகு கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்பில் ‘ஃபார்வர்டிங்’ பகுதியையும் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியையும் பாருங்கள். வரும் மடல் ஒவ்வொன்றும் இன்னொரு முகவரிக்குப் போகும்படி அங்கே அமைத்துவிட்டால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அது போய்க்கொண்டேதான் இருக்கும்.

மாற்றும் வரிசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நேராகப் பாஸ்வேர்டை மாற்றினால், மீட்பு எண்ணாக இருக்கும் கணவரின் எண்ணுக்கு எச்சரிக்கை போகும். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்ற வழியில் அவர் உள்ளே வந்துவிடவும் கூடும். ஆகவே முதலில் மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் மாற்றுங்கள், பிறகு பாஸ்வேர்டு, அதன் பிறகு தெரியாத கருவிகளை வெளியேற்றுதல், கடைசியாக இரட்டைச் சரிபார்ப்பு. இவை எல்லாவற்றையும் வீட்டுக் கணினியில் செய்யாமல் வேறொரு கருவியில் செய்ய வேண்டும். குரோம் உலாவி பாஸ்வேர்டுகளைச் சேமித்துக்கொண்டு, அதே கணக்கு திறந்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பிவைக்கும் என்பதால், நீங்கள் இன்று வைத்த புதிய பாஸ்வேர்டு இன்றைக்கே அவர் முன்னால் உள்ள திரையில் சேமித்தவற்றின் பட்டியலில் இருக்கக்கூடும்.

அறிகுறி: கணினியில் சுட்டி தானாக நகர்கிறது, தட்டச்சு செய்வது வெளியே தெரிகிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி தொடங்கும்போதே ஓடத் தொடங்கும் நிரல்களின் பட்டியலைப் பாருங்கள். அமைப்பில் ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், நீங்கள் வெளியூரில் இருந்த நாளில் நுழைந்தது எது என்று தெரியும். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் இருந்தால், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். சேலத்தில் ஜவ்வரிசி ஆலை முதல் விசைத்தறிக் கூடம் வரை, டேலியில் சிக்கல் என்றால் பழுது பார்ப்பவர் எனிடெஸ்க்கைப் போடச் சொல்லித்தான் உள்ளே வருகிறார். வேலை முடிந்த பின் அதை யாரும் நீக்குவதில்லை. முறையாக நிறுவப்பட்ட எனிடெஸ்க், உள்ளே வந்த இணைப்புகளின் தேதியையும் நேரத்தையும், வந்தவரின் எண்ணையும் ‘கனெக்‌ஷன் டிரேஸ்’ என்ற எழுத்துக் கோப்பில் எழுதி வைக்கிறது. புரோகிராம் டேட்டா அடைவுக்குள் எனிடெஸ்க் என்ற அடைவில் அது இருக்கும். டீம்வியூவரும் இதே போல உள்வந்த இணைப்புகளைத் தனிக் கோப்பில் பதிகிறது. வேலை நேரத்தில் ஒரே எண் என்றால் அது கணக்கு மென்பொருள்காரராக இருக்கும். நள்ளிரவில் வேறோர் எண் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள்.

அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில், வைரஸ் பாதுகாப்பு அமைப்பின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உளவு மென்பொருளை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால், அதை நிறுவுபவர் அந்த அடைவைச் சோதிக்க வேண்டாம் என்று இங்கே விலக்கு எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. திருட்டுப் பிரதி மென்பொருளை நிறுவியவர்களும் இப்படிச் செய்வதுண்டு என்றாலும், பெயர் புரியாத அடைவு ஒன்று அங்கே இருந்தால் அது வலுவான தடயம். படம் எடுத்துக்கொண்டு, பிறகு விலக்கை நீக்கி, ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட விடுங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பவையும் அதில் அகப்படும்.

மென்பொருளே இல்லாமலும் தட்டச்சைப் பதிவு செய்யலாம். மேசைக்கு அடியில் உள்ள சிபியுவைத் திருப்பி, விசைப்பலகையின் ஒயரை நுனிவரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஒயரின் யுஎஸ்பி முனை நேராகப் பெட்டிக்குள் நுழைய வேண்டும். இடையில் கட்டைவிரல் நகத்தளவோ சற்றுப் பெரிதாகவோ ஒரு துண்டு செருகியிருந்தால், அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் சேமிக்கும் கருவியாக அது இருக்கலாம். தூசி படிந்த பின்பக்கத்தில் அந்த ஒரு துண்டு மட்டும் பளிச்சென்று இருந்தால், அண்மையில் வைத்தது என்று கொள்ளலாம். எந்த வைரஸ் எதிர்ப்பு மென்பொருளும் இதைக் கண்டுகொள்ளாது.

கணினி இருவருக்கும் பொதுவானது என்றால், இருவருக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்கு வேண்டும். ஆனால் நிர்வாகி உரிமை உள்ளவர் மற்றவரின் அடைவுகளையும் திறந்து பார்க்க முடியும் என்பதால், வழக்கறிஞருக்கு எழுதும் கடிதம், மருத்துவ அறிக்கை போன்றவற்றை அந்தக் கணினியில் வைக்கவே வேண்டாம்.

அறிகுறி: போன் சூடாகிறது, சார்ஜ் நிற்பதில்லை

இந்த அறிகுறியை வைத்து உளவு என்று முடிவு கட்டும் காணொளிகள் பல உலவுகின்றன. ஏற்காட்டில் ஒண்டிக்கடையைத் தாண்டித் தோட்டங்களுக்குள் போய்விட்டால் சிக்னல் மெலிந்துவிடும். கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் அலையின் வலுவைக் கூட்டும், விட்டுவிட்டுத் தேடும். அதனால் சூடும் ஏறும், சார்ஜும் இறங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் பேருந்தில் தினமும் போய்வருபவர்களின் போனுக்கும் இதே கதிதான். பழைய பேட்டரியும் ஒரு காரணம். ஆகவே இதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

உண்மையான தடயம் வேறிடத்தில் இருக்கிறது. வாழ்க்கைத் துணையை ஒளிந்து கண்காணிக்கும் செயலிகளுக்கு 2020 அக்டோபர் முதல் கூகுள் பிளேயில் இடமில்லை. எனவே அப்படிப்பட்ட ஒன்றை நிறுவ வேண்டுமானால், யாரோ உங்கள் போனைக் கையில் எடுத்து, பூட்டைத் திறந்து, வெளியிலிருந்து கோப்பை இறக்கி, ‘பிளே புரொடெக்ட்’ சோதனையை அணைக்க வேண்டும். நீங்கள் அணைக்காத பிளே புரொடெக்ட் அணைந்திருப்பது, பேட்டரி தீர்வதைவிடப் பல மடங்கு பெரிய அறிகுறி. அடுத்து, அமைப்பில் ‘ஆக்சஸிபிலிட்டி’ பகுதியில் எந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது, ‘நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்’ யாருக்கு, ‘டிவைஸ் அட்மின்’ யார், தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவ எதற்கு அனுமதி என்ற நான்கையும் பாருங்கள். திரையில் உள்ளதைப் படிக்க முதல் அனுமதியும், வரும் செய்திகளைப் படிக்க இரண்டாவதும், தன்னை நீக்கவிடாமல் தடுக்க மூன்றாவதும் இச்செயலிகளுக்குத் தேவைப்படுகின்றன. ‘சிஸ்டம் சர்வீஸ்’ போன்ற பெயரில் அவை ஒளிந்திருக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் மைக்கோ கேமராவோ இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். பேசாத நேரத்தில் அது வந்தால், திரையை மேலிருந்து இழுத்து எந்தச் செயலி என்று பாருங்கள்.

ஐபோனில் ஒளிந்த செயலியை நிறுவுவது கடினம். அங்கே ஐகிளவுட் பாஸ்வேர்டு தெரிந்திருப்பதே போதுமான வழியாக இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டை மாற்றி, ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ பகுதியில் அறியாத புரொஃபைல் (போனை வெளியிலிருந்து நிர்வகிக்க விடும் அமைப்புக் கோப்பு) எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ஐயம் தீரவில்லையென்றால், எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுவரும் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யலாம். ஆனால் அது தடயத்தையும் அழித்துவிடும் என்பதால், புகார் கொடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும்.

அறிகுறி: வீட்டு வைஃபையில் எல்லாம் தெரிகிறது என்கிறார்

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தவர், ரூட்டரைப் பொறுத்து, எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதைப் பார்க்கக்கூடும். அங்கே என்ன படித்தீர்கள், யாருக்கு என்ன எழுதினீர்கள் என்பது இப்போதைய பெரும்பாலான தளங்களில் மறையாக்கம் செய்யப்பட்டே போவதால் அவருக்குத் தெரியாது. முக்கியமானவற்றை மொபைல் டேட்டாவில் பாருங்கள். அது போதும்.

அறிகுறி: எனக்கே அவர் போனைப் பார்க்கத் தோன்றுகிறது

இதையும் பிழை என்றே எடுத்துக்கொண்டு பேச வேண்டும். பெண்களும் ஆண்களும் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். செயலி ஒன்றை நிறுவித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் அதைச் செய்து தருவதில்லை. தொழிலில் உள்ள மற்றவர்களையும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு பின்தொடர்தல் குற்றமாகச் சொல்கிறது. முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை. பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நேர்மையற்ற முறையில் நுழைவதும், பிறர் பாஸ்வேர்டை அவ்வாறு பயன்படுத்துவதும் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66, 66சி பிரிவுகளில் வருகின்றன. அங்கே ஆண், பெண் வேறுபாடு இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். கணவர் ரகசியமாகப் பெற்ற மனைவியின் அழைப்பு விவரங்களை ஏற்க மறுத்து, கணவன் மனைவிக்கு இடையிலும் அந்த உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் சொன்னது. வாழ்க்கைத் துணையின் தொலைபேசிப் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 14 அன்று தீர்ப்பளித்திருப்பதும் உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு, நீதிமன்றத்தில் எதை ஏற்கலாம் என்பதைப் பற்றியது. உளவு மென்பொருள் போடுவதற்கான அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொண்டு யாரும் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

செயலியில் போடும் பணத்தோடு விஷயம் முடிவதுமில்லை. உங்கள் மனைவியின் படங்களும் கணவரின் பேச்சும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய்ச் சேருகின்றன. எம்ஸ்பை என்ற கண்காணிப்புச் செயலியின் வாடிக்கையாளர் சேவைப் பதிவுகள் 2024-இல் பெருமளவில் வெளியே கசிந்தன. ஸ்பைஃபோன் நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலே நடத்தக் கூடாது என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2021-இல் தடை செய்தது.

பனிமூட்டத்தில் மலையேறும் வண்டி எதுவரை வந்திருக்கிறது என்ற கவலை இயல்பானது. அதற்கு வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளந்து பகிரும் வசதி இருக்கிறது. பகிர்பவர் தாமே அனுப்புகிறார், நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடுகிறது. கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இதில் சங்கடமில்லை.

கண்காணிப்பு உறுதியானால்

எடுத்த படங்கள், பிரதி எடுத்த கோப்புகள், பார்த்த தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் கையால் எழுதி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்கப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும் என்பதால், படம் எடுத்த கருவியை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். கண்காணிப்போடு பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-இல் சொல்ல வேண்டும். சேலம் மாநகரக் காவல்துறைக்கும் மாவட்டக் காவல்துறைக்கும் தனித்தனி சைபர் குற்றப் பிரிவுகள் உள்ளன. ஏற்காடு, சேலம் மாவட்டக் காவல்துறையின் கீழ் வருகிறது. வழக்கறிஞருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் இலவச உதவி கேட்கலாம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு உத்தரவு கேட்கவும் அங்கே வழி சொல்வார்கள்.

காவல் நிலையத்தில் போனைச் சோதனைக்குக் கேட்டால், மாடலும், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ அடையாள எண்ணும் எழுதிய ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு கொடுங்கள். போன் திரும்பி வரச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதால், வங்கிக் கணக்கும் ஆதாரும் புதிய எண்ணுக்கு மாறிவிட்டனவா என்று அதற்கு முன்பே பார்த்துவிட்டு, அவசரத்துக்கு வேண்டிய தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.